ஒரு பல் மிச்சம்

குல்தீகா பஸ் டிப்போவின் பின்கதவுக்கு வெளியே
சாணைக்கல்லைச் சுழலவிட்டு
ஒவ்வொன்றாய் உரசிப் பார்க்கிறாள் ஸ்கைத்ரீதே.
நவம்பர். மணி நாலு. இருட்டியாயிற்று.
பொறி பார்க்க இருட்டு நல்லது.

பழைய பஸ்ஸின் வில்தகடு:
நீளநீளமாய்க் கோடுகள், நுனியில் ஓரிரு மொட்டு.
வளையும், உடையாது, கூர் நிற்காது.
மேடுபள்ளம் தாங்கியே பழகிய எஃகு
முடியளவு சீவலுக்கு எதற்கு?

துருவே அறியாத ரொட்டிக் கத்தி:
நாலு பொறி, அதுவும் சோம்பலாய்.

பேரிங் வளையம் நன்றாகத்தான் பூத்தது.
வட்டத்தை நிமிர்த்த
அவளிடம் சுத்தியல் இருக்கிறது, உலை இல்லை.

கடைசியில் அந்த அரம்.
பல் மழுங்கி, பெயிண்ட் டப்பா நெம்பவென்றே
ஆகிப்போன அரம்.
கல்லில் வைத்ததும்
கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு
மத்தாப்பாய் வெடித்தது.
கண்ணாடியைக் கழற்றாமலே
இன்னொரு முறை உரசினாள், சும்மா, பார்ப்பதற்கு.

அறுத்த முதல் பாதியைப் பல்லோடு காய்ச்சித்
தண்ணீரில் விட்டாள்.
டிங்.
அவ்வளவு சின்னச் சத்தம்.
ஒரு பல்லின் அடியில் தொடங்கிக் குறுக்கே விரிசல்.

இரண்டாம் பாதிக்குப் பல்லைத் தேய்த்தெடுத்தாள்,
கிட்டத்தட்ட எல்லாவற்றையும்.
காந்தம் ஒட்ட மறுக்கும்வரை சிவக்கவிட்டு
சூரியகாந்தி எண்ணெயில் முக்கினாள்.
பிறகு சமையலறை ஓவன், இருநூறு டிகிரி:
மேல்தட்டில் அலகு,
கீழ்த்தட்டில் வில்னிஸின் கேரட் அப்பம்.
பாகுக்கும் எஃகுக்கும் நாம் ஒரே சொல் வைத்திருக்கிறோம், பதம்.
வைக்கோல் நிறம் வந்ததும் அலகை எடுத்தாள்.
அப்பத்தில் டிப்போ வாசம் என்று
ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான் வில்னிஸ்.

லிண்டன் பலகையில் முதல் இழைப்பு.
சுருள் எழுந்து மணிக்கட்டைச் சுற்றியது.
பலகையில் மட்டும்
கண்ணுக்குத் தெரியாமல்
நகத்துக்குத் தெரிகிற ஒரு வரம்பு.
விட்டுப்போன பல்லின் பள்ளம்
அலகின் முதுகில் நெடுக ஓடியிருந்தது.
தீட்டத் தீட்ட அதுவும் கூடவே பின்வாங்கியது.
போகட்டும், தேனீக்கள் தடவிப் பார்க்கவா போகின்றன?
பன்னிரண்டு பெட்டிகள் செய்து
காட்டோரம் வைத்தாள்.

ஜூலையில் பத்துதான் இருந்தன.

ஆகஸ்ட், தால்ஸிச் சந்தை.
எகோன்ஸ் என்கிற ஆள்
பச்சைப் பெயிண்டு இன்னும் மணக்கும்
இரண்டு பெட்டிகளின் பக்கத்தில்
சூரியகாந்தி விதை கொறித்தபடி நிற்கிறான்.
அசல் ஓக், அம்மா, என் கையால் செய்தது.
லிண்டனை ஓக் என்கிறான்.

வெளியே ஒன்றும் தெரியவில்லை.
பெட்டிக்கு உள்ளே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.
மூடியைத் தூக்கிக் கையை நுழைத்து
உள்சுவரில் கட்டைவிரல் நகத்தை
மெல்லக் குறுக்கே இழுத்தாள்.

நகம் ஓரிடத்தில் ஏறி இறங்கியது.

கையை எடுக்காமல்
என்ன விலை என்று கேட்டாள்.