சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

முதல் கட்டத்தில் யுவராணி.
இரண்டாவது கட்டம் குடும்பப்பெயர் கேட்டது,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது.
'க' என்று ஓர் எழுத்து
வருகைப்பதிவேட்டில் எனக்கு முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.
ஓரெழுத்து செல்லாது என்றது கட்டம்.
விரித்து எழுதினேன்: கன்னியப்பன்.
அன்றிலிருந்து ஹாம்பர்க் நகரத்துக்கு
நான் அப்பா.

ஆங்கிலத் தேர்வுக்கு அம்மா
ஏலச்சீட்டை நாலாயிரம் தள்ளி எடுத்தாள்.
மதிப்பெண் வந்த அன்று
"இவ்ளோ நாளா தமிழ்லயா படிச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

வருமானச் சான்றிதழுக்குத் திருவொற்றியூரில் மூன்று நடை,
மொழிபெயர்த்து முத்திரை குத்த
பாரிமுனையில் ஒரு வக்கீல், ஒரு டீ.
யூரோவில் மாற்றினால் எண்ணூறு வந்தது.
அங்கிருந்து மின்னஞ்சல்:
இது மாதத்துக்கா?
வருடத்துக்கு, என்று எழுதினேன்.
தெளிவுபடுத்தியமைக்கு நன்றி என்றார்கள்.

அப்புறம் கட்டுரை.
நீங்கள் கடந்துவந்த ஓர் இடர்ப்பாடு,
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

கடந்து எங்கே வந்தேன்?
எர்ணாவூரில் அதே தெரு, அதே எண்.
வீட்டுக்குள் தண்ணீர் நின்ற டிசம்பரை எழுதினேன்
அழித்தேன்.
கழிமுகத்துச் சாம்பலை எழுதினேன்
(நான் படிக்கப்போவதே அந்தச் சேற்றைத்தான்)
அதை வேறு கட்டத்தில் போடச் சொல்லியிருந்தது.
அம்மாவின் இடுப்புவலியை எழுதினேன்,
அது அம்மாவுடையது.
இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கிடைக்காத ஜோவிட்டா
தேரடி ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே படித்துவிட்டு
"இதுல நீ ரொம்ப சிரிக்கிற" என்றாள்.
சிரிப்பை எடுத்தபோது
நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் மிஞ்சின.

அவர்களுடைய கடைசி நாள்
அவர்களுடைய நள்ளிரவோடு முடிகிறது.
எங்களுக்கு அது விடிகாலை நாலு இருபத்தொன்பது.
மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
செல்போனிலிருந்து நெட்டைப் பிடித்து
ஒவ்வொரு சான்றிதழாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.
நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பட்டச் சான்றிதழ் பாதியில் இருக்க, அப்பா கூப்பிட்டார்.
எடுத்தால் நெட் அறுந்துவிடும்.
பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. எடுக்கவில்லை.

அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார்.
எண்ணூர் விரைவுசாலையில் ஜீரோ கேட்டைப் பார்த்து
இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தார்.
பின்னால் நாற்பதடிப் பெட்டி. என்ன சரக்கென்று அவருக்குத் தெரியாது,
எந்த ஊர் என்று தெரியும், ரசீதில் இருக்கும்.
பெட்டி கப்பலேறும்,
அவர் கேட்டோடு திரும்புவார்.

நாலு இருபத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது.
திருப்பிக் கூப்பிட்டேன்.
"ஒண்ணுல்லமா. ரெண்டு வண்டி நகந்துச்சி,
அத்த சொல்லலாம்னுதான்."

ஏப்ரலில் கடிதம் வந்தது.
அன்புள்ள கன்னியப்பன் அவர்களுக்கு, என்று தொடங்கியது.
"எனக்கா போட்டுக்கிறான்?"
கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு
போனைத் தள்ளிப் பிடித்து
தன் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டினார்.
தப்பாக எழுதவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஆமாம் என்றும் இல்லை அதில், இல்லை என்றும் இல்லை.
காத்திருப்போர் பட்டியல்.
எப்படிச் சொல்வதென்று யோசித்தேன்.
மகிழ்ச்சியான செய்தி மாதிரியா,
துக்கம் மாதிரியா.
அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.
வெயிட்டிங் லிஸ்ட்ப்பா, என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்,
இது தன் வேலைதானே என்பதுபோல.
"சரி. நமக்கு முன்னால எத்தினி வண்டி கீதுன்னு கேளு."

கடிதத்தில் அது இல்லை.
அதைத்தான் இப்போது
மரியாதையான ஆங்கிலத்தில்
எழுதிக்கொண்டிருக்கிறேன்.