வெள்ளிக்கிழமைக்குள்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்
டிக் அடித்துத் தரச் சொன்னாள் ஷர்மிளா பானு.
இரண்டே கட்டம்.
முதலாவதில், வரிக்கு முன்பே பணம் போய் உட்காரும்,
அறுபதில் எடுக்கும்போது வரி வந்து கை நீட்டும்.
இரண்டாவதில், வரி கட்டிய மிச்சம்தான் போகும்,
அறுபதில் ஒருத்தரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.
"எல்லாரும் மொதல்லதாங்க்கா போடறாங்க,
மாசாமாசம் கையில கொஞ்சம் நிக்கும்ல."

ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில்
தட்டுவடை செட் கட்டிய தாளின் பின்புறம்
கணக்குப் போட்டேன்.
நூறு ரூபாய். இருபது வருஷத்தில் நாலு மடங்கு என்று வை.
முதலில் இருபதைக் கழித்து, நாலால் பெருக்கினால்
முந்நூற்று இருபது.
நாலால் பெருக்கி, அதில் ஐந்தில் ஒன்றைக் கழித்தால்
முந்நூற்று இருபது.
பீட்ரூட் கறைக்குப் பக்கத்தில் இன்னொரு தரம் போட்டேன்.
அதேதான்.

அப்படியென்றால் கேள்வி பணத்தைப் பற்றியதே இல்லை.
முதல் கட்டத்தில் டிக் அடித்தால்
அறுபதில் இன்றைவிட இளைத்திருப்பேன் என்று
நானே கையெழுத்துப் போடுகிறேன்.
இரண்டாவது என்றால், கொழித்திருப்பேன் என்று.
சீட்டு எடுக்கும் கிளிகூட
இவ்வளவு நேராக முகத்துக்கு எதிரே கேட்டதில்லை.

ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
தினமும் பத்துப் பதினைந்து அறுபதுகளின் கையைப் பிடிக்கிறேன்.
உட்காருவதற்கு முன்பே
"எவ்வளவும்மா ஆகும்" என்று
சுருக்குப்பை நாடாவை அவிழ்க்கிற கை,
பில்லைப் பார்க்காமலே
கார்டை நீட்டுகிற கை.
நரம்பு தேடுகையில் இரண்டும் ஒன்றுபோல்தான் நழுவும்.
இதில் எது என்னுடையது?

ராத்திரி மாதேசனிடம் கேட்டேன்.
மாந்தோப்புக் குத்தகை எடுக்கிற ஆள்.
"பூவுல பேசுனா வெல கொறச்சல், காத்து நம்ம தலையில.
காயில பேசுனா வெல கூட, ஆனா தூக்கம் வரும்."
நீங்க எதுல பேசுவீங்க?
"அன்னைக்கு மடியில என்ன இருக்கோ
அதுதான் பேசும்."
சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.
வரகம்பாடித் தோப்பைப் பூவில் பேசிய வருஷம்
பங்குனியில் ஆலங்கட்டி விழுந்தது.
என் இரண்டு வளையல் சேட்டுக் கடையில்
பத்தொன்பது மாதம் இருந்தது.
அவர் அதைச் சொல்லவில்லை. நானும்.

வெள்ளி, நாலு நாற்பது.
இரண்டாவதில் அடித்தேன்.
"ஆயிரத்துச் சொச்சம் கொறையும்க்கா, நிச்சயமா?"
நிச்சயம் என்ன நிச்சயம்.
என்றைக்காவது கட்டத்தானே வேண்டும்,
சம்பளம் வருகிற காலத்தில் கட்டிவிடலாம் என்று
அடித்தேன், அவ்வளவுதான்.
தைரியம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும்.
மகளின் ஸ்கூல் ஷூவை
இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும்.

வெளியே ஏற்காட்டு மலையை மேகம் பாதி தின்றிருந்தது.
கிடைத்த பஸ் தனியார் பஸ்.
இருபது ரூபாய் கொடுத்தேன்.
கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால்
ஏழு என்று எழுதி ஒரு சுழி சுழித்தார்.
"சில்லறை இல்லீங்க,
எறங்கும்போது கேட்டு வாங்கிக்குங்க."

ஜங்ஷன் வரைக்கும்
அந்தத் தாளை விரலிடுக்கில் வைத்திருந்தேன்,
வியர்வையில் எண் அழிந்துவிடாமல்.