வட்டமிடுக

வளாகத்துப் பிள்ளை ஒன்று
வினாக்கொத்தைத் தந்துவிட்டுப் போனது.
இருபத்தாறு கேள்விகள்.
பெயர் எழுதத் தேவையில்லையாம்,
எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிற
சிஸ்டர் இருக்கிற வாட்டில்.

இரவு இரண்டே கால்.
நாற்பத்திரண்டு கட்டில், இரண்டு பேர் நாங்கள்.
உட்துறைமுகத்தில் ஏதோ கப்பல்
விளக்கை எரியவிட்டுத் தூங்குகிறது.
பதினாலாம் கட்டில் அந்தோனிப்பிள்ளை
நித்திரையில் வலை இழுக்கிறார்;
சேலைன் குழாயும் கூடவே வருகிறது.
இரண்டு தரம் போய்க் கையை நேராக்கி
மடக்காதேங்கோ ஐயா என்றேன்.
வலைக்குள் என்ன கிடந்ததோ, சிரித்தார்.

முதலாம் கேள்வி:
உங்கள் தொழிலில் நீங்கள் திருப்தியடைகிறீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடுக.

எந்த நேரத்தில் கேட்கிறாய், பிள்ளை?
பாம்பு கடித்து வந்த தம்பலகாமத்துப் பொடியன்
கண் திறந்து பசிக்குது என்ற
அந்த விடியலில் கேட்டிருந்தால்
ஆறு போட்டிருப்பேன்.
அது நடந்து நாலு வருசம்.
பிறகு போடலாம் என்று தாண்டிப் போனேன்.

ஒன்பது:
வேலைத்தளத்தில் யாரேனும் உங்களைச் சிறுமைப்படுத்தியதுண்டா?

இதற்கு விரல் யோசிக்கவில்லை.
ரோஸ்டரில் என் பெயருக்கு நேரே
தொடர்ந்து ஏழு இரவு, சிவப்பு மையில்.
தம்பியின் கலியாணத்துக்குக் கேட்ட லீவுத் தாள்
மேசைக் கண்ணாடிக்குக் கீழே
எல்லாரும் வாசிக்க ஒரு மாதம் கிடந்தது.
நான் நுழைந்தால் தேத்தண்ணி அறையில்
கரண்டிச் சத்தம் மட்டும் மிஞ்சும்.
ஒருநாள் வாட் ரவுண்டில், எல்லாரும் பார்த்திருக்க,
விமலாம்பிகை சிஸ்டர் மெதுவாகக் கேட்டா:
"நீ எல்லாம் என்னத்துக்கு நேர்சிங் படிச்சனீ?"
அன்று முழுக்க
பிறஷர் பார்க்க நீட்டிய கைகள்
எனக்காக இரக்கப்பட்டன.
அதைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது.

பதினைந்து: களைப்பாக உணர்கிறீர்களா?

களைப்பென்றால் படுத்தால் போகும்.
இது வேறு.
வீட்டுக்குப் போய்க் கேற்றைத் திறக்காமல்
வெளியே நிற்கிறது.
மகளுக்குக் காய்ச்சல் என்றால்
எத்தனை டிகிரி என்று கேட்கிறது,
தொட்டுப் பார்க்கிறதில்லை.

இப்படியே வட்டம் வட்டமாய்ப் போய்
இருபத்தாறில் முடிந்தது.
பேனையை மூடினேன்.
மூடின பிறகுதான்
சிஃபானியாவின் முகம் வந்தது.

கின்னியாப் பிள்ளை. வந்து மூன்று மாதம்.
நேற்று டியூட்டி மாறுகிற நேரம்
கனுலா பிழைத்து, விரிப்பெல்லாம் இரத்தம்.
நான் கத்தவில்லை.
மெதுவாகத்தான் சொன்னேன்.
அதே ஐந்து சொல்,
அதே இடத்தில் மூச்சு விட்டு.
அவள் விரிப்பை மாற்றினாள்.
நடுங்குகிற கையால்
மூலைகளை மடித்த விதம்
பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது.

இருபத்தாறையும் திரும்பப் பார்த்தேன்.
உங்களை, உங்களிடம், உங்களுக்கு.
நீங்கள் யாரையேனும் என்று ஒரு வரி இல்லை.
கடைசிப் பக்கத்தில் வெள்ளை இடம் கிடந்தது.
27 என்று எழுதினேன்.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏழாம் கட்டில் மொனிற்றர் கத்தியது. ஓடினேன்.

காலை ஆறு ஐம்பது.
கின்னியா பஸ்ஸால் இறங்கி வருகிறாள்,
கேற்றடியில் படுத்திருந்த மானுக்கு
ஒதுங்கி வழிவிட்டு.
இரவு முழுக்கக் கட்டி வைத்த வசனம்
அவளைக் கண்டதும் குலைந்து போச்சு.
"பதினாலுக்கு இடது கையில் நரம்பு கிடையாது,
வலதில், மணிக்கட்டுக்கு மேலே பார்" என்றேன்.
"சரி மிஸ்" என்றாள்,
என் சப்பாத்தைப் பார்த்தபடி.

தாள் இன்னும் கைப்பையில்.
புதன்கிழமை அந்தப் பிள்ளை வந்து கேட்கும்.
முதலாம் கேள்விக்கு
இன்னும் வட்டம் போடவில்லை.