ஏழு நீங்கலாக

இரவு ஒன்பது இருபதுக்கு மெயில் வந்தது.
'அபார்ட் ஃப்ரம் லாட் செவன்,
த்ரீ லாட்ஸ் ஹேவ் ஷேட் ப்ராப்ளம்.
லிஸ்ட் டுமாரோ.'
கீழே ஒரு மஞ்சள் சிரிப்பு.
டென்மார்க்கில் அப்போது வெயில் இருந்திருக்கும்.

அனுப்பர்பாளையத்தில்
தூத்துக்குடி லாரி வாசலை அடைத்து நின்றது.
பன்னிரண்டு லாட் குழந்தைச் சட்டை.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மூன்றை
ஏற்கெனவே தனியே நகர்த்தியாயிற்று.
ஏழில் ஸ்டிக்கர் இல்லை.
ஆனால் ஆய்வுக்கு வந்தவர்
ஏழை மட்டும் இரண்டு முறை பிரித்து
ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

ஏழுக்குக் குறையில்லை என்கிறாரா,
ஏழோடு சேர்த்து நான்கு என்கிறாரா?
அகராதி இரண்டுக்கும் தலையாட்டியது.

பதினோரு வருடமாக இந்தச் சின்னச் சொற்களை வைத்துத்தான்
சோறு தின்கிறேன்.
ஆங்கிலத்தில் அவை முன்னால் வந்து நிற்கும்.
எக்செப்ட் என்றதுமே
மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம்,
யார் பெயரோ என்று.
நாம் பெயரைச் சொன்ன பிறகுதான் தள்ளுகிறோம்.

துளசிமணியை
என்று தொடங்கினால் போதும்,
அந்த ஐயில் அவள் ஒரு கணம் தொங்குவாள்.
துளசிமணியைப் போல.
துளசிமணியை விட.
துளசிமணியைத் தவிர.
மூன்றுக்கும் ஒரே வேற்றுமை.
அடுத்து வரும் ஒற்றுதான்
சேதியைக் கொஞ்சம் முன்னதாகக் கசியவிடும்.
விட என்பதற்கு அந்த ஒற்றும் கிடையாது.

போன தீபாவளிக்கு
'செக்கிங் பிரிவைத் தவிர அனைவருக்கும்'
என்று நோட்டீஸ் அடித்தது நான்தான்.
செக்கிங்கில் துளசிமணி அதைப் படித்துவிட்டு
'பிரிவை'க்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று
கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
அதில் சுழியே இல்லை.

'கம்பேர்ட் டு லாஸ்ட் இயர்' என்று
அவர்கள் விலை குறைக்கும்போதெல்லாம்
இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள்,
பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்கிற மாதிரி.
நாமோ, போன வருடத்தை விட, என்கிறோம்.
ஒன்றை விட்டால்தான் இன்னொன்று பெரிதாகிறது.
விட, ஒழிய, நீங்க, தவிர:
எல்லாமே ஒரு காலத்தில் வினைகள்.
யாரோ எதையோ விட்டிருக்கிறார்கள்,
எங்கிருந்தோ நீங்கியிருக்கிறார்கள்.
இப்போது உருபு மாதிரி ஒட்டிக்கொண்டு
சத்தமில்லாமல் வேலை செய்கின்றன.

டென்மார்க்கில் போன் எடுக்கவில்லை.
முதலாளி பழனியில், மொட்டை வரிசையில்.

தமிழில் தெளிவாகச் சொல்லிவிடலாமென்று
சத்தமாகச் சொன்னேன்:
'ஏழைத் தவிர மூணு லாட்டுல குறை.'
பேக்கிங் மயில்சாமி கேட்டார்,
'அது தவிர இன்னும் மூணுங்களா,
அது தவிர மத்ததுல மூணுங்களா?'
நம் சொல்லும் அதே குழியில்தான் விழுந்து கிடந்தது.
எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

'வெசனப்பட்டு என்னுங்க ஆவுது.
ஏழு அக்கட்டாலயா, இக்கட்டாலயா?
அத மட்டும் கேளுங்.'

கேட்டேன்.
லாட் செவன், திஸ் சைட் ஆர் தட் சைட்?
பத்து நிமிடம் கழித்துப் பதில்:
'ஹாஹா. தட் சைட்.'

யாருக்கு அந்தப் பக்கம்?
அவருக்கு அந்தப் பக்கம் இங்கே.
எனக்கு அந்தப் பக்கம் கடல் தாண்டி.

டிரைவர் ஹாரனை ஒருமுறை தொட்டார்.
துளசிமணி ஏழாம் லாட் பெட்டிமேல் உட்கார்ந்து
பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.
எழுந்திரு என்று நானும் சொல்லவில்லை,
மயில்சாமியும் சொல்லவில்லை.
அதுதான் முடிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.
பதினொன்றே காலுக்கு லாரி கிளம்பியது,
ஏழு நீங்கலாக.

காலையில் லிஸ்ட் வந்தது.
இரண்டு, ஐந்து, பதினொன்று.
ஏழைப் பற்றி ஒரு சொல் இல்லை.