கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

வவுணதீவுப் பாலம் கழிந்தால்
தெருவிளக்கெல்லாம் என் பொறுப்பு.
ஏணியில் நின்று கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்ப்பேன்:
ஈசல் இறகு, வண்டின் ஓடு,
ஒருமுறை பல்லியின் முழு எலும்பு.
அந்தக் குப்பையைத்தான்
சரையில் சுற்றிக் கம்பத்தின் இலக்கம் எழுதித்
தரச் சொல்லியிருந்தாள்
வந்தாறுமூலை வளாகத்து ஜெனிற்றா.

நூற்றுப் பதினேழில் கிடைத்தது அது.
உள்ளங்கை அகலம்.
பச்சையென்றால் ஒரு பச்சையில்லை:
படிக்கட்டுப் பாசி, பால்பிடிக்கும் நெல்,
இடையில் வெளிறிய றோசாக் கோடு,
தோளடியில் கண்போல ஒரு பொட்டு.
"ஆமிச் சட்டை" என்றான் கிருபைராசா.
நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தான்.
முப்பத்தொன்பது வயது அவனுக்கு.
நான் சிரிக்கவில்லை.

ஆடு வாய்வைக்காத அலரியிலையைத்
தின்று வளருமாம் இதன் புழு.
ஆபிரிக்காவில் உண்டு, அரேபியாவில் உண்டு,
கடலும் தாண்டுமாம்.
ஜெனிற்றா கையால் வரைந்த படத்தில் மட்டும்
எங்கள் பக்கம் வெறும் தாள்.

சரைகள் போகப் போகப் புள்ளி விழுந்தது.
கன்னன்குடா. ஆயித்தியமலைச் சந்தியில் மூன்று.
உன்னிச்சை றோட்டில் ஒன்று, இறகு பாதி.
மறுகா இல்லை.
அந்த இடத்தில் 'பரம்பல் எல்லை' என்று
கோடு கீறப் போனாள்.

"பொறுங்க தங்கச்சி,
அது பூச்சிட எல்லை இல்ல.
அங்கதான் எங்கட கம்பி முடியுது."

பென்சில் அப்படியே நின்றது.

தொண்ணூறுக்குப் பிறகு எத்தனை வருடம்
இந்தக் கரை முழுக்க இருட்டு.
குப்பிவிளக்கையும் ஊதி நூத்துவிட்டுப்
படுத்திருந்தோம், சப்பாத்துச் சத்தம் எண்ணி.
அப்போதும் வேலியில் அலரி பூத்தது.
அதன் இலையை ஏதோ தின்றுதான் இருக்கும்.
கண்டோம் என்று ஆர் எழுதுவது?

இப்போது எல்.ஈ.டி. பூட்டச் சொல்லி உத்தரவு.
கிண்ணம் இல்லை. மூடி ஒட்டியே வருகிறது.
உள்ளே இனி ஒன்றும் விழாது.

நேற்றிரவு நானும் கிருபைராசாவும்
கடைசிக் கம்பம் தாண்டி இரண்டு கட்டை போனோம்.
கூரையில்லாத வீடு, கிணற்றடியில் அலரி.
வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து
மோட்டார்சைக்கிள் லைட்டைத் திருப்பி வைத்தோம்.
சின்னச் சின்னதாய் நிறைய வந்தன.
தூரத்தில் ஒரு யானைவெடி.
சரையில் எந்த இலக்கத்தை எழுதுவதென்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பெற்றி இறங்குது அண்ண, நூக்கவா?"

கொஞ்சம் பொறு என்றேன்.