வருகைப் பதிவு

ஜன்னலில் யார்க்ஷயர் மழை.
நகரமன்றத்தின் இரண்டாம் மாடி.
பொருள் எண் நான்கு:
சேவைகள் எல்லோருக்கும் எட்டும்படி.
தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது,
பிப்ரவரியிலிருந்து
லிஃப்ட் மட்டும் வரவில்லை.

குறிப்பெழுதுவது என் வேலை.
பெரில் கிரீன்வுட், வரவில்லை
என்று எழுதினேன்.
ஆட்சேபம் ஏதுமின்றித் தீர்மானம் நிறைவேறியது.
கைதட்டல்கூட இருந்தது.

இறங்கி வந்தால்
படிக்கட்டடியில் சக்கர நாற்காலி,
அதைச் சுற்றிச் சிறு குளமாய் மழைநீர்,
மடியில் நனையாமல் காத்த மனு.

ஏட்டை வாங்கிப் பார்த்தார்.
கோபப்படவில்லை. பேனா கேட்டார்.
என் வரியை அடித்துவிட்டு எழுதினார்:

வந்தேன், ஆறரைக்கே.
நீங்கள்தான் யாரும் வரவில்லை.

அதன் கீழே
கையெழுத்திட வேண்டியவன் நான்.
பேனா இன்னும் அவரிடம்.