கிரீஸ் போகாத இடம்

ஆனிக் காற்று பணகுடியில்
ஆளைத் தள்ளிவிட்டுத்தான் பேசும்.
காஸ் தீயை நாலு தடவை அணைத்த பிறகு
தேவபிச்சை மேஸ்திரி என் கையில்
ஒரு தகரத்தைத் தந்தார்:
"ஓனரம்மா, இதைச் சாய்ச்சுப் பிடிங்க."

ஆர்.சி. புத்தகத்தில் என் பேர்.
ஓட்டுவது கொம்பையா.
எனக்குத் தெரிந்ததெல்லாம் தவணைத் தேதி,
டீசல் சீட்டு, டயர்க் கடன்,
பிறகு அந்தச் சத்தம்:
நாலு மாதமாக ஒவ்வொரு வேகத்தடையிலும்
பின்பக்க இடது மூலையில்
யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல.

"கிரீஸ் அடிக்கல, அதான்" என்றான் கொம்பையா.
அடிக்க வேண்டியவன் கிளீனர் செய்யதலி.
அடிச்சேன் என்றான்.
அல்லா மேல ஆணையா அடிச்சேன் என்றான்.
மாசியில் முந்நூறு, பங்குனியில் முந்நூறு
அவன் சம்பளத்தில் பிடித்தேன்.
நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்.

ஜாக்கி ஏற்றி,
சட்டத்துக்கு அடியில் பனங்கட்டை முட்டுக் கொடுத்து,
சக்கரத்தை உருட்டி ஓரம் சாய்த்ததும்
பட்டைகள் தெரிந்தன,
பெரியதன் கீழ் சின்னது, அதன் கீழ் அதைவிடச் சின்னது.
முதல் பட்டையின் நுனி சுருண்டு ஒரு வட்டம்.
கண் என்று அதற்குப் பேர்.
கண்ணுக்குள் புஷ், புஷ்ஷுக்குள் பின்.
நாலு யூனிட் ஜல்லியும் கேரளா வரைக்கும்
இந்தக் கண்களில்தான் தொங்கிக்கொண்டு போகிறதாம்.

பின் வரவில்லை.
சம்மட்டி பத்து, இருபது.
மண்ணெண்ணெய் விட்டார், டீ குடித்தார், திரும்ப அடித்தார்.
"பைய அடில! தலை விரிஞ்சா உள்ளயே தங்கிரும்."
கடைசியில்தான் தீ.
முந்தானையை இறுக்கிச் செருகி
தகரத்துக்குப் பின்னால் குனிந்தேன்.
கண் சிவந்தது,
செவ்வாழைத் தோல் நிறம் வந்ததும்
ஒரே அடி.

உள்ளே இருந்ததைப் புஷ் என்று சொல்ல முடியாது.
ஒரு பக்கம் பிளேடு கனம்,
மறுபக்கம் அதுவும் இல்லை.
வட்டம் முட்டையாகியிருந்தது.
ஹாக்சா பிளேடை நுழைத்து நீளவாக்கில் அறுத்து
முறிந்த பித்தளை வளையல் மாதிரி எடுத்து
மேஸ்திரி முகர்ந்து பார்த்தார்.
"இது கிரீஸையே கண்டதில்ல."

கொம்பையா பையனைப் பார்த்தான்.
பையன் தூரத்துக் காற்றாலையின்
இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
மூன்றுதான்.
திரும்பத் திரும்ப எண்ணினான்.

தீ வைக்குமுன் கழற்றி
டப்பா மூடியில் போட்டிருந்த நிப்பிளை
அப்போதுதான் கையில் எடுத்தேன்.
அதன் சின்ன வாயில்
நீலம்.
மயில்கழுத்து நீலம்.

ஆயுத பூசைக்கு நான் வாங்கிக் கொடுத்த டப்பா.
"அடிச்சட்டம், பட்டை, ஒண்ணு விடாம அடிச்சிருங்க" என்று
பெயின்டரோடு நின்று சொன்னவள் நான்.
அழகாகத்தான் இருந்தது.
பையன் அடித்த கிரீஸெல்லாம்
என் நீலத்தில் முட்டி வழிந்து
ஊர் ஊராக மண்ணில் விழுந்திருக்கிறது.

புதுப் புஷ்.
நீளமான போல்ட், இரண்டு பக்கமும் தடித்த வாஷர்.
நட்டை முறுக்க முறுக்க
அரிசி அரிசியாக அது கண்ணுக்குள் இறங்கியது.
நான் சேலை ஊக்கைக் கழற்றி
மற்ற நிப்பிள்களைச் சுரண்டப் போனேன்.
"நீங்க எதுக்கும்மா" என்றார் மேஸ்திரி.

ஊக்கு முனையில் ஒட்டியிருந்த நிறத்தை
செய்யதலி பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கிரீஸ் கன்னைத் தூக்கி வந்து பக்கத்தில் குந்தினான்.
நான் சுரண்ட, அவன் அடிக்க,
ஒவ்வொரு ஓரத்திலும் பழுப்பாக ஒரு பிதுக்கல்.

அறுநூறு ரூபாய்.
திருப்பித் தருவது சுலபம், நோட்டில்
எந்தத் தலைப்பில் எழுத?
பெயின்ட் செலவு என்றா?

காவல்கிணறு வேகத்தடையில்
மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தோம்.
காற்று மட்டும்.
"சத்தமே இல்ல, பாத்தியளா" என்றான் கொம்பையா.
கண்ணாடியில் பையனைப் பார்த்து,
"இனிமேலாவது ஒழுங்கா கிரீஸ் அடில."

நான் வாயைத் திறந்தேன்.